ஏழு மாசத்துக்குப் பிறகு அவர் கதைத்தார்

சித்தாண்டி முருகனை நம்பி இருக்கிற என் சகோதரங்களே, இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

போன வருஷம் கச்சான் காற்று அடித்த ஒரு நாளில், என் புருஷனும் அவருடைய அண்ணனும் போன தோணி வாவியில் கவிழ்ந்தது. இவர் நீந்திக் கரை சேர்ந்தார். அண்ணன் வரவில்லை. அன்றைக்கு மூடியதுதான் இவருடைய வாய். ஏழு மாசம் ஒரு சொல் கதைக்கவில்லை. ஊட்டினால் விழுங்குவார். நானும் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். சாமி விளக்கு வைக்கக்கூட மனம் வரவில்லை.

அந்த நேரம்தான், மூன்று வருஷமாகக் காத்திருந்த கட்டார் விசா வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை. இவரை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக ஏற்பாடு. பயணத்துக்கு முந்தின வெள்ளி, சித்தாண்டிக் கோயிலில் நின்று, "முருகா, இவரைக் கதைக்க வை" என்று அழுதேன். அழும்போதே எனக்கு விளங்கிப்போச்சு. இவருக்காகக் கேட்கிற நான், இவரை விட்டு ஓடத்தான் பார்க்கிறேன். போனால் நான் நானாக இருக்க மாட்டேன். ஏஜென்சிக்குப் போனில் கோல் எடுத்து, நான் வரவில்லை என்றேன். எனக்கு விசர் என்று அம்மா ஏசினா.

அதுக்கு மறுகா இவருடைய வீச்சு வலையை நானே தூக்கினேன். தினமும் காலையில் இவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து கரையில் இருத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று எறிவேன். எறியத் தெரியாது. வலை சுருண்டு என் தலையிலேயே விழும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தைப்பூசத்துக்கு அடுத்த நாள், கால் ஒரு குழிக்குள் போய், சேறு இடுப்புவரை இழுத்தது. கை வலையில் சிக்கிவிட்டது. அப்போதுதான் கேட்டது.

"புள்ள, அசையாத! நான் வாறன்!"

தண்ணீரைத் திரும்பியும் பார்க்காத மனுஷன் தண்ணீருக்குள் ஓடி வாறார்! சேற்றில் நின்றபடி சிரிக்கிறேன், அழுகிறேன், முருகா முருகா என்று கத்துகிறேன்.

கரைக்கு இழுத்து வந்ததும் என் மடியில் விழுந்தார். "அண்ணன்ட கையப் பிடிச்சிருந்தன். வழுக்கிட்டுது," என்றார். ஏழு மாசமாக நெஞ்சுக்குள் கிடந்தது அதுதான். ரெண்டு பேரும் ஈரத்தோடேயே இருந்து அழுது தீர்த்தோம்.

இப்போது ரெண்டு பேரும் ஒரே தோணியில் போகிறோம். கட்டாருக்குப் போயிருந்தால் கல்வீடு கட்டியிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கட்டியிருக்கலாம்தான். அதில் யாரோடு கதைப்பேன்?

உங்கள் வீட்டிலும் யாரும் வாய் மூடிப்போய் இருந்தால், முருகனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த ஆளுக்குப் பக்கத்திலேயே இருங்கள். அவன் கைவிட மாட்டான். வாற ஆவணித் திருவிழாவில் இவர் காவடி எடுக்கிறார். எல்லாரையும் விடப் பெரிய சத்தமாக அரோகரா கேட்டால், அது என் புருஷன்தான்.