கொட்டை இருக்கிற பாதி

பட்டர் ஃப்ரூட்டை ஒற்றை ஆளாக வாங்கக் கூடாது. பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கறுத்துப்போய்க் கிடக்கும். முழுப் பழத்தையும் ஒரே ஆள் தின்றால் திகட்டும். நான் தனி ஆள். கல்யாணம் ஏன் கட்டவில்லை என்பதை இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளுங்கள். போன மாதம் வரைக்கும், இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தப் பழத்தை நான் வாங்கவே இல்லை. கோச்சடை முக்கில் வண்டி போடும் பழக்காரர், "டீச்சர், மலைப் பழம், வெண்ணெய் கணக்கா இருக்கு" என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி போய்விடுவேன்.

முன்பெல்லாம் ஒரு பழத்துக்கு நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

பசுமலையில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் அறிவியல், அவள் தமிழ். பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டுக்கொண்டதில்லை. அவளுக்கு நான் டீச்சர், எனக்கு அவள் டீச்சர். 'நீங்க, வாங்க'தான். ஆனால் மனசுக்குள் எனக்கு அவள் அவள்தான், அதற்கு மரியாதையெல்லாம் கிடையாது.

சாப்பாட்டு மணிக்கு முந்தைய பீரியட் எனக்கு லேபில். பிள்ளைகள் குழாய்களைக் கழுவி வைப்பதற்குள் பாதி இடைவேளை போய்விடும். பழம் கிடைக்கிற மாதங்களில் அவள் ஒன்றை வாங்கி வந்து, இரண்டாக வெட்டி, கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, கொட்டை இல்லாத பாதியைச் சீனி தூவித் தின்றுவிடுவாள். கொட்டை இருக்கிற பாதியை டிபன் பாக்ஸ் மூடியால் மூடி எனக்கு வைத்திருப்பாள்.

"கொட்டை காவல் இருக்கு டீச்சர், கறுக்காது" என்பாள்.

"காவலும் இல்லை, ஒண்ணும் இல்லை. காத்துப் படாத எடம் கறுக்காது, அம்புட்டுத்தான். ஆக்சிஜன்."

"உங்க ஆக்சிஜன் உங்க பாடத்துல இருக்கட்டும். சாப்பிடுங்க."

ஓய்வு பெற்ற கையோடு மகன் அவளை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பேரக் குழந்தை பிறந்திருந்தது. ஆறு மாசம் என்று சொல்லித்தான் போனாள். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன் என்றாள். இரண்டு கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. அவள் வரவில்லை. எனக்கு அவள் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வாசல் கேட் சத்தம் கேட்டால் இன்னமும் அவள்தான் என்று எழுந்திருக்கிறேன். வந்திருப்பது தண்ணீர் கேன் போடுகிறவராக இருக்கும், அவர் மேல் எரிந்து விழுவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வீடியோ காலில் வந்தாள். "டீச்சர், இங்க எல்லாரும் பட்டர் ஃப்ரூட்டை உப்புப் போட்டு மசிச்சுத்தான் சாப்பிடுறாங்க" என்றாள்.

"கருமம். உப்பா?"

"நானும் அப்படித்தான் சொன்னேன். இப்ப அது இல்லாம எனக்கு ஆக மாட்டேங்குது. அஞ்சு நிமிஷ வேலை. ஒரு பழம் வாங்கி வைங்க, அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுவோம்."

சேர்ந்து என்ற வார்த்தைக்காகத்தான் பழ வண்டி முன்னால் போய் நின்றேன். பழக்காரருக்கு ஆச்சரியம். "என்னைக்குச் சாப்பிடப் போறீக?" என்று கேட்டு, கல் மாதிரி ஒன்றைப் பொறுக்கித் தந்தார். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். தினமும் தோண்டி எடுத்து அழுத்திப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் சரியாகப் பழுத்திருந்தது.

பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தேன். அங்கே அவள் ஒரு பழத்தை வெட்டினாள், இங்கே நான். முள்கரண்டியால் மசிக்கச் சொன்னாள். என் வீட்டில் முள்கரண்டிக்கு எங்கே போவது? பருப்பு மத்தை எடுத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு கரண்டி கெட்டித் தயிர், பாதி எலுமிச்சம்பழம், ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கி, உப்பு. மசித்துக் கலக்கினால் பாலாடை மாதிரி வந்துவிட்டது. தட்டையை உடைத்து அதில் தொட்டுத் தின்றேன். நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, ஆனால் மூன்று தட்டை தின்றேன்.

அவளும் தின்றாள். அந்தப் பக்கம் குழந்தை எதையோ கேட்டு நச்சரித்தது. அவள் அதற்கு ஒரு வாய் ஊட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், இந்தக் கிறிஸ்துமஸுக்கு வாரீங்களா, இல்லையா?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். "அம்புட்டையும் இன்னைக்கே சாப்பிடாதீங்க. மீதியை மூடி வைங்க. நடுவுல கொட்டையைப் போட மறந்துறாதீங்க."

ஆக்சிஜன் என்று நான் சொல்லவில்லை. வராதவள் எதற்கு மிச்சம் வைக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு. பிள்ளைகள் இப்படி விடை எழுதியிருந்தால் சுழித்து முட்டை போட்டிருப்பேன். கொட்டையைக் கழுவி நடுவில் அமுக்கி, கிண்ணத்தைத் தட்டால் மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மாடி அறையை ஒட்டடை அடித்தேன். வந்தால் அங்கே தங்கட்டும்.

மறுநாள் மதியம் கிண்ணத்தைத் திறந்தேன். மேலே எல்லாம் கறுத்துவிட்டது. கொட்டையைத் தூக்கினால் அதன் அடியில் மட்டும், அதே அளவுக்கு ஒரு பச்சைக் குழி. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். 'காவல் இருந்திருக்கிறது' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது.

"டீச்சர், அந்தப் பச்சையா இருக்கது என் பங்கு. அதை எனக்குன்னு வைக்க வேணாம். நீங்களே சாப்பிட்டுருங்க."

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். அழுகிற குரல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் தள்ளி வைக்கிற அதே குரல்.

இருபத்திரண்டு வருஷம் எனக்காக அவள் எடுத்து வைத்த பாதியைத் தின்றவள் நான். அவளுக்காக நான் எடுத்து வைத்தது இது ஒன்றுதான். கரண்டியை எடுத்து, அதையும் நானே தின்றேன்.