காற்றில்லாத சக்கரத்தை அளந்தேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். சீமையிலிருந்து வெறும் சட்டமும் எஞ்சினுமாக வந்திறங்கும் பெரிய கார்களுக்கு மேல்கூடு கட்டும் கண்டிக் கராஜ் ஒன்றில் நான் அளவுக்காரன். நான் கோடு போட்டால்தான் மற்றவர்கள் மரத்தையோ தகரத்தையோ தொடலாம். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கண்டியில் வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரின் கார் வந்தது. பின்பக்கம் முழுவதையும் பெற்றோல் தாங்கி பிடித்துக்கொண்டதால், உபரிச் சக்கரத்தை, முன் சக்கரத்தை மூடும் மட்காட்டில் குழி செய்து பதிக்கத் தீர்மானித்தோம். ரயிலில் வந்த சக்கரத்தில் காற்றில்லை. நான் அப்படியே அளந்தேன். தகர வேலை செய்தவர் என் வயதுக்காரர். முஸ்லிம்; அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை 'நானா' என்றே கூப்பிடுவோம். என் கோட்டிலிருந்து மயிரிழை பிசகாமல் குழியை அடித்தெடுத்தார். சக்கரத்தை உள்ளே வைத்த பிறகுதான் காற்றடித்தோம். துளி ஆட்டமில்லை. ஆளாளுக்குப் பாராட்டினார்கள். கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பிரசவம் ஒன்றுக்குப் போகும் வழியில், அம்பிட்டிய ஏற்றத்தில் கார் டயர் வெடித்தது. உபரிச் சக்கரத்தை எப்படி இழுத்தும் வரவில்லை. டொக்டர் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்திருக்கிறார். நல்ல வேளை, மருத்துவச்சி சமாளித்துவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம்.

செய்தி வந்ததும் முதலாளி என்னையும் நானாவையும் கார் நின்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். டொக்டரும் அங்கே திரும்பி வந்திருந்தார். நான் வால்வை அழுத்தினேன். காற்று இறங்கியதும் சக்கரம் கையோடு வந்தது. பிழை யாருடையது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆர் செய்த வேலை இது?" என்றார் டொக்டர்.

"தகர வேலை நானாவோடதுங்க," என்றேன். அது பொய்யில்லை. பொய்யைவிடக் கேவலம்.

நானா என்னைப் பார்த்தார். என் சொல்லை மீறி முதலாளி அவர் சொல்லைக் கேட்கமாட்டார் என்று இருவருக்குமே தெரியும். அன்றே அவருக்கு வேலை போனது. வீட்டில் மூன்று பிள்ளைகள்.

சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் வந்தவர், "அடுத்த சில்லுக்குக் காத்தடிச்சிட்டு அளங்க," என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்ல நாளை, நாளை என்று தள்ளினேன். அதற்குள் நானா குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். இன்றும் தெருவில் யாராவது டயருக்குக் காற்றடித்தால் என் தலை தானாகக் குனிகிறது. 'பிழை என்னுடையது' என்று அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.