தலைமடை வீட்டுச் சம்பந்தம்

அணையால் விளைந்த நன்மைகளைப் பற்றி அக்காவின் கணவர் மேடையில் பேசியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடிக்கற தண்ணி, கரண்டு, மீனு, ரெண்டு போகம் நெல்லு, எல்லாம் அந்த டேம் குடுத்ததுங்க" என்றார். பாசன விவசாயிகள் கூட்டம் அது. மாமனார் என்று முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த அப்பா கைதட்டினார்.

சொன்னதில் பொய்யில்லை. மலையில் அணை இல்லாவிட்டால் பாலக்காட்டின் இந்தக் கிழக்கு மூலையில் சோளமும் கடலையும்தான். ஆனால் அவர் வயல் வாய்க்காலில் முதலில் தண்ணீர் பாயும் தலைமடையில், எங்களுடையது கடைசியாகப் பாயும் கடைமடையில். குறுக்கே மணல்மூட்டை அடுக்கி மொத்தத் தண்ணீரையும் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்ட மனுஷன்தான் மைக்கில் ஊர் நன்மை பேசினார். எங்கள் இரண்டாம் போக நெல் கதிர் வரும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. "தலைமடை வீடு, தண்ணிக்குக் கவலையில்ல" என்று பெருமைப்பட்டுத்தான் அப்பா அங்கே பெண் கொடுத்தார். வயிற்றெரிச்சல்.

கூட்டம் முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு.

"மூட்டைய எடுத்துருங்க மச்சான். பயிர் போயிரும்" என்றேன்.

"எங்குளுக்குப் பாஞ்சு முடியட்டும் மாப்ள, தன்னால வரும்" என்று ரசத்துக்குக் கை நீட்டினார். அவர் வயல் நிரம்பி, மிச்சம் வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என் தொடையை அழுத்தினார். பரிமாறிய அக்கா எல்லாவற்றையும் கேட்டபடி அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

மறுநாள் காலை அவளிடமிருந்து போன். "தம்பி, வாய்க்கால்ல தண்ணி வருதா பாரு. மூட்டைய நாந்தான் இழுத்துப் போட்டேன். அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஊட்டுல ஒரே சத்தம்."

ஓடினேன். குப்பையும் நுரையுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மண்வெட்டியோடு நின்ற அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அவளக் கூப்புட்டுத் திருப்பி அடைச்சுரச் சொல்லு. பயிர் போனாப் போவுது. அவ அங்க பொழைக்கோணும்."

மச்சான் மேலிருந்த ஆத்திரம் முழுக்க அப்பா மேல் திரும்பியது.

"அவரு பேசறப்பக் கைதட்டுனீங்க, சரி. இப்ப நாமளும் அடைக்கச் சொன்னா அவளுக்குன்னு யாருங்கப்பா இருக்கறாங்க?"

 அப்பா குனிந்து எங்கள் மடையை வெட்டிவிட்டார். வெடித்த மண்ணில் தண்ணீர் இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "அவ அங்க தனியா நிக்கறா" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் கரையோடு தலைமடையைப் பார்த்து நடந்தார்.