நாலு பேருக்கு மேல் கூடாது

பாண்டிச்செல்வி மேல் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பாசமெல்லாம் பிறகு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் என்னமோ அவளுக்கு உயிர்த்தோழி என்று நினைத்துக்கொள்வீர்கள். அவளுக்கு அப்படி யாரும் கிடையாது. மூன்று வருஷம் ஒரே வகுப்பில் படித்தோம். அவள் யாருடனும் சேர்ந்து உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கல்லூரியில் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டுக் கட்டை உண்டு. அதில் போய் உட்காருவாள், டப்பாவைத் திறப்பாள், தின்றுவிட்டுக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள். கூப்பிட்டால், "நீங்க சாப்பிடுங்க, நான் முடிச்சிட்டேன்" என்பாள். டப்பாவையே திறந்திருக்க மாட்டாள், பொய்க்காரி.

கடைசி வருஷத்தில் நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு இயந்திரத்தை வடிவமைத்து, அதற்குச் சின்னதாக ஒரு மாதிரி செய்து காட்ட வேண்டும். காட்டும் நாளில் அது ஓட வேண்டும். ஓடாவிட்டால் நாலு பேருக்கும் அந்தப் பாடம் போச்சு, அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து செய்ய வேண்டும். எங்களை வழிநடத்திய காளிராஜ் சார் பெயர்களைப் படித்தார். பாண்டிச்செல்வி, முனியராஜ், சபரிநாதன், அப்புறம் ஸ்ரீமதியாகிய நான். "பாண்டிச்செல்விதான் லீடர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயே திறக்காதவளை லீடராகப் போட்டால் நாங்கள் யாரிடம் போய் என்ன கேட்பது?

ஆனால் யோசனை அவளுடையது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவளுடைய அம்மா குருவம்மாள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடி ஆபீஸில் வேலை பார்க்கிறார். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மருந்து அடைத்த வெடிகளை அங்கே மேடையில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். திடீரென்று மழை வந்தால் பெண்கள் ஓடி ஓடி அள்ள வேண்டும். ஈரம் பட்ட மருந்து சும்மா கிடக்காது, சூடேறிப் பற்றிக்கொள்ளவும் செய்யும். பாண்டிச்செல்வி யோசித்த இயந்திரம், மழை விழுந்ததும் ஆளே இல்லாமல் தார்ப்பாயை இழுத்து மேடையை மூடும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது, தீப்பொறிக்கு வழியே கிடையாது. ஒரு துண்டுத் தாள் ஒரு கொக்கியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கொக்கி ஒரு எடைக்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். மழையில் தாள் நனைந்து கிழிந்தால் கல் விழும், கயிறு இழுபடும், பாய் மூடும்.

"அம்புட்டுத்தான்" என்றாள். அன்றைக்கு அவள் பேசியதில் அதுதான் பெரிய பேச்சு.

திட்டமும் அவளே போட்டாள். அதற்குப் பெரிய தாள் வேண்டும் என்று எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். சிவகாசியில் எங்களுக்குக் காலண்டர் அடிக்கிற தொழில், வர்ணம் விலகிப் பாழாய்ப்போன தாள் எப்போதும் கிடக்கும். வந்தவள் வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டாள். எங்கம்மா, "உள்ள வாத்தா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார். "இல்லங்கம்மா, இங்கனயே நிக்கேன்." அம்மா முகம் வாடிப்போனது. வீட்டுக்கு வந்த பிள்ளை வெளியில் நின்று வாங்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? எனக்குச் சங்கடமில்லை, கோபம். என்ன பெரிய இவளா இவள் என்று தோன்றியது.

மறுநாள் அந்தத் தாளை வகுப்பு மேஜையில் விரித்தாள். ஒரு பக்கம் இரண்டு மூக்கோடு முருகன். மறுபக்கம் கட்டம் கட்டமாக எங்கள் திட்டம். ஆளுக்கொரு வரிசை, வாரத்துக்கொரு கட்டம். இரும்புச் சட்டத்தை முனியராஜ் சாத்தூரில் அவன் மாமாவின் வெல்டிங் பட்டறையில் அடிக்க வேண்டும். உருளையும் தார்ப்பாயும் சபரிநாதன் பொறுப்பு, அவன் வீட்டுக் குடோனில். தாளும் கொக்கியும் நான், எங்கள் அச்சகத்தில். கப்பியும் எடைக்கல்லும் அவள், அவள் வீட்டில். ஒருவர் வரிசை இன்னொருவர் வரிசையைத் தொடவே இல்லை. கடைசி வாரத்தில் மட்டும் நாலு கோடும் கல்லூரிப் பட்டறையில் வந்து சேர்ந்தன. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: அடுத்தவர் வேலைக்கு யாரும் ஒத்தாசைக்குப் போகக் கூடாது.

"அப்ப மீட்டிங் கிடையாதா?" என்றான் சபரிநாதன்.

"கிடையாது."

"லீடர்னா இப்படில்ல இருக்கணும்!" என்று அவன் மேஜையைத் தட்டினான். காளிராஜ் சாரும் பாராட்டினார். ஒருத்தர் வேலை நின்றாலும் மற்றவர் வேலை நிற்காது, நல்ல திட்டம் என்றார். எனக்கும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதிலும் ஒரு வருத்தம்.

அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. அச்சகத்தில் சீசன் நேரம், இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து தாளைக் கத்தரிப்பேன், கொக்கியில் மாட்டுவேன், பாரம் தாங்குகிறதா என்று பார்ப்பேன். தாங்கியது என்று சொல்லவும் ஆளில்லை, அறுந்தது என்று சொல்லவும் ஆளில்லை. போனில் எங்களுக்கென்று ஒரு குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பாண்டிச்செல்வி, 'இந்த வாரக் கட்டம் முடிந்ததா?' என்று போடுவாள். நாங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். குழுவில் அதைத் தவிர ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு சண்டை கிடையாது. ஒருமுறை நான் வேண்டுமென்றே, 'எப்பிடி இருக்கே?' என்று அவளுக்குத் தனியாக அனுப்பினேன். 'முடிந்தது' என்று பதில் வந்தது. போனைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது.

கடைசி வாரம் வந்தது. மறுநாள் தேர்வாளர்கள் வருகிறார்கள் என்ற நிலையில் நாலு பேரும் பட்டறையில் அவரவர் சாமானை இறக்கினோம். முனியராஜின் சட்டம் பளபளவென்று இருந்தது. சபரிநாதனின் உருளையும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஆனால் உருளை சட்டத்துக்குள் போகவில்லை. படத்தில் போட்டிருந்த அகலத்தை முனியராஜ் வெளி அளவாக எடுத்துக்கொண்டான், சபரிநாதன் உள் அளவாக எடுத்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே ஒரு தடவை ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்காது. என் கதை அதைவிட மோசம். எங்களிடம் இருப்பதிலேயே ஒசத்தியான தாள், சாமி படம் அடிக்கிற வழவழப்பான தாளை எடுத்திருந்தேன். பாரம் தாங்குகிறதா என்று பார்த்தவள், நனைகிறதா என்று பார்க்கவில்லை. பூவாளியால் தண்ணீரை ஊற்றினால் அது குளித்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அடக் கடவுளே!

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தோம். பாண்டிச்செல்வி மட்டும் பட்டறை வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னாள்: "அவங்கவங்க சாமானத் தூக்கிட்டு அவங்கவங்க எடத்துக்குப் போங்க. சரி பண்ணிட்டுக் காலைல கொண்டாங்க."

"காலையிலயா? திரும்பவும் பொருந்தலன்னா?" என்றேன் நான்.

சபரிநாதனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஏன், நாங்க ஒங்கூட ஒரே ரூம்ல இருந்து வேல பாத்தா வெடிச்சா போயிருவோம்?" என்றான்.

முனியராஜ் அவன் கையைப் பிடித்தான். முனியராஜ் பாண்டிச்செல்விக்குப் பக்கத்து ஊர்க்காரன், அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

பாண்டிச்செல்வி அழவில்லை. திட்டத்தை விளக்குகிற அதே குரலில் சொன்னாள். "எங்கய்யா அப்பிடித்தான் போனாக. அது அவுக ரூமே இல்ல. ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது, அதுதான் சட்டம். தீவாளி லோடு போகணும்னு அன்னைக்கு நெறைய பேர உள்ள விட்டிருக்காக. எங்கய்யா தன் ரூம் வேலைய முடிச்சிட்டாக. பாவம், அந்த ரூம்காரவுகளுக்கு வேல முடியலயேன்னு ஒத்தாசைக்குப் போனாக. எங்கம்மா ரூம் தள்ளி இருந்துச்சு. அவுக போகல. அதனால இருக்காக."

அப்புறம் சொன்னாள்: "வேலைன்னா எனக்கு அப்பிடித்தான் திட்டம் போட வரும். வேற மாதிரி வராது."

சபரிநாதன் வீட்டிலும் பட்டாசுக் கம்பெனி உண்டு. அந்த விபத்து அவர்களுடையதில் நடந்ததில்லை, ஆனாலும் அவன் தலையைத் தூக்கவில்லை. எனக்கு அவள் எங்கள் வாசல்படியில் நின்றது ஞாபகம் வந்தது. வெடி ஆபீஸில் மருந்து கொண்டுவருகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார், உள்ளே கால் வைக்க மாட்டார். இவள் ஊர் முழுக்க அப்படியே நடந்துகொண்டிருந்திருக்கிறாள். அப்பா போன பிறகு அம்மா விடிவதற்கு முன்னால் வேனில் ஏறிப்போய்விட, பூட்டிய வீட்டில் தனியாக இருந்த சின்னப் பிள்ளை, எப்போது தண்ணீர் பிடிப்பது, எப்போது சாப்பிடுவது என்று கரித்துண்டால் சுவரில் கட்டம் போட்டுக்கொண்டு பொழுதை ஓட்டினாளாம். இதைப் பிற்பாடு ஒருநாள் அவளே சொன்னாள்.

முனியராஜ்தான் வாசலுக்குப் போனான்.

"நாம எத்தன பேரு?"

"நாலு."

"எண்ணிப் பாரு."

அவள் நிஜமாகவே எண்ணினாள். அவன், சபரிநாதன், நான். பிறகு தன்னை.

"நாலு பேரு இருக்கலாம்னு சட்டமே சொல்லுதுல்ல? அப்புறம் என்ன, உள்ள வா."

வந்தாள். செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள், வெடி ஆபீஸ் வழக்கம்.

அதற்குப் பிறகு நடந்த வேலை இருக்கிறதே, அதை எந்தக் கட்டத்திலும் அடைக்க முடியாது. உருளையை ஒருத்தன் பிடிக்க ஒருத்தன் அறுத்தான். பாயைச் சுருக்கி நான் தைத்தேன், அவள் கயிற்றின் நீளத்தை மாற்றினாள். முனியராஜ் கொண்டுவந்த சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தோம். அவளும் கையை விட்டு எடுத்துத் தின்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். தாளுக்கு என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது அவள் சுவரைக் காட்டினாள். அங்கே தினசரிக் காலண்டர் தொங்கியது. "அத நனச்சுப் பாரேன்." அந்த மெல்லிசான சல்லித் தாளைக் கிழித்து மடித்து மாட்டினோம். பாரம் தாங்கியது, தண்ணீர் தெளித்ததும் அறுந்தது. அந்தத் தாளை அடிப்பதே எங்கள் தொழில், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

நடுவில் காளிராஜ் சார் எட்டிப் பார்க்க உள்ளே வந்தார். பாண்டிச்செல்வி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவர் போனதும் வந்தாள். முனியராஜ் எங்களிடம் ஐந்து விரலை விரித்துக் காட்டினான்.

மறுநாள் காலை தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள், கூடவே சார். அவர்கள் படியேறும்போதே பாண்டிச்செல்வி என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லிரு ஸ்ரீமதி. ஒனக்கு எல்லாம் தெரியும்ல."

"ஏய், லீடர் நீதானடி!"

"ஆளு கூடிப்போச்சு" என்றாள். போய்விட்டாள். லீடர் எங்கே என்று தேர்வாளர் கேட்டார். உடம்பு சரியில்லை, வெளியே இருக்கிறாள் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். யோசனையையும் வேலையையும் நான்தான் விளக்கினேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் "பாண்டிச்செல்வி" என்று சொல்லாமல் விடவில்லை, அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. முனியராஜ் பூவாளியைச் சாய்த்தான். தாள் நனைந்தது. தாள் அறுந்தது, கல் தொம்மென்று தரையில் விழுந்தது, பாய் சரசரவென்று ஓடி மேடையை மூடியது. தேர்வாளர்கள் கைதட்டினார்கள். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வேப்பமரத்தடியில் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் குந்தியிருந்தாள்.

ஓடினேன். "மூடிருச்சுடி! பாஸ் ஆயிட்டோம்! ஏந்திரி!"

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"எல்லாரும் வெளிய வந்துட்டாகளா?" என்று கேட்டாள்.

திரும்பி நின்று, தொண்டை கிழிய, "முனியராஜ்! சபரி! வாங்கடா வெளிய!" என்று கத்தினேன். என்னமோ ஏதோ என்று இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாரும் தேர்வாளர்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவள் எழுந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணி முடித்த பிறகுதான் முனியராஜிடம் கேட்டாள்.

"பாய் முழுசா மூடுச்சாலே?"