இலை கூப்பிட்டதும் புத்தகத்தை மூடியவர்

இரத்தினபுரியிலிருந்து வரும் பிற்பகல் பஸ் எங்கள் தோட்டத்து மருந்துச்சாலைக்கு முன்னாலுள்ள வளைவில் நிற்பதில்லை. ஹாரனை அடித்துவிட்டு நேரே றக்வானைக்குப் போய்விடும். அன்று நின்றது. நான் ஒரு பெண்ணின் காலில் அட்டை கடித்துப் பழுத்திருந்த புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். டிரைவர் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "டீமேக்கர் மாத்தயா கியா," என்றார். சிங்களம் எனக்கு விளங்காதென்று நினைத்தாரோ என்னவோ, "போயிட்டாரு ஐயா, விடிய ஆஸ்பத்திரியில," என்று தமிழிலும் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். நெஞ்சுச் சளிக்கு மருந்து எடுத்துக்கொண்டு சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று இரத்தினபுரிக்கு இதே பஸ்ஸில் ஏறிப்போன மனுஷர். அதுவும் ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனவர். அந்தக் கதையின் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று ஒருத்தி ஒரு கல்யாணப் பேச்சையே தள்ளிப்போட்டு வைத்திருந்தாள். இனி அதை யார் சொல்வது? புண்ணைக் கட்டி முடிக்கும்வரை இதே யோசனை. அழுகை பிறகுதான் வந்தது, நிறையவே வந்தது.

தேவசகாயம் அண்ணாச்சியை உங்களில் பலருக்குத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை போதகர் வந்து நடத்தும் ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் பாடி முடித்த பிறகும் கடைசி அடியை ஒற்றையாக இழுத்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாலிபத்தில் வந்தவர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்து, டீமேக்கராகி, அங்கேயே தலை நரைத்தவர். நான் மருந்து கலந்து கொடுக்கும் வெறும் டிஸ்பென்சர். அவர் மட்டும் வேண்டுமென்றே என்னை "டாக்டரே" என்பார். பட்டம் கொடுத்தது மரியாதைக்கு அல்ல, வாயைக் கிளறுவதற்கு.

அவருடைய வேதவாசிப்புக்கு ஒரு வினோதமான கடிகாரம் இருந்தது. உருட்டின இலையைப் புளிக்கப்போடும் அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. குளிர்ந்த சிமெந்துத் தரை, ஈரத்துணி, பச்சை இலை மெல்ல மெல்லச் செம்பு நிறமாக மாறும். எப்போது அடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று மூக்குத்தான் சொல்ல வேண்டும். முந்தினால் சாயத்தில் பச்சை வாடை, பிந்தினால் குப்பை. அந்தக் காத்திருப்பில் அண்ணாச்சி ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேதத்தைத் திறப்பார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிவிட்டு நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். அவர் ஒரு வசனம், நான் ஒரு வசனம். நடுவில் மூக்கை ஒருதரம் உறிஞ்சுவார். "போதும் டாக்டரே, இலை கூப்பிடுது," என்று வசனத்தின் பாதியிலேயே மூடிவிடுவார். மோசே கோலை ஓங்கியபடி நிற்பார், கடல் பிளந்திருக்காது. மறுநாள்தான் பிளக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனசு ஒட்டாத நாட்களும் உண்டு. என் மனைவி நோயில் கிடந்த காலத்தில், "இன்றைக்கு வாசிக்கப் பிடிக்கவில்லை அண்ணாச்சி," என்றேன். "பசிச்சா மட்டுமா சாப்பிடுறோம்? நேரத்துக்கும்தான சாப்பிடுறோம். நீரு சும்மா உட்காரும், நான் வாசிக்கேன்," என்றார். அன்றைக்கு வந்த அதிகாரத்தில் பேர்வரிசையைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று ஒரு பேர் விடாமல் வாசித்தார். அவள் பிழைப்பாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த எனக்கு, இத்தனை பேர் பிறந்து வாழ்ந்திருக்கிறார்கள் என்பதே ஆறுதலாக இருந்தது. அவள் பிழைத்தாள். இப்போது உள்ளே அண்ணாச்சிக்காக அழுதுகொண்டிருக்கிறாள்.

இனி அந்த யோசேப்பு விவகாரம். தோட்டத்தில் பலருக்குப் பாதிக் கதைதான் தெரியும், முழுதையும் சொல்லிவிடுகிறேன். யோசேப்பு தன்னை விற்ற அண்ணன்மாருக்கு முன்னால் நின்று, நான்தான் உங்கள் தம்பி என்று சொல்லும் இடத்தை அண்ணாச்சி வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்தவர் அழுதுவிட்டார். சாதாரண அழுகையல்ல, தேம்பல். அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளுமா இல்லையா? அடைத்துக்கொண்டது. இலை கூப்பிட்டது, கத்தியது, கூக்குரலிட்டது. அவருக்கு ஒரு வாடையும் எட்டவில்லை. எனக்கோ மருந்துச்சாலையில் கார்பாலிக் மோந்து மோந்து மூக்கு என்றைக்கோ செத்துப்போனது. அடுப்புக்காரன் வந்து எட்டிப்பார்த்து, "அய்யய்யோ, ஐயா!" என்று அலறியபோது தரை முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

"கொழுந்து ஈரமா வந்துச்சுன்னு சொல்லிருங்கய்யா, தொரைக்கு என்ன தெரியும்," என்றான் அடுப்புக்காரன். எனக்கும் அதுதான் நல்ல யோசனையாகப் பட்டது. அண்ணாச்சி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "ஈரக்கொழுந்துன்னா மலையில எடுத்த பொம்பளைகளுக்கு அரைப்பேரு போட்டு அரைநாள் கூலிதான் குடுப்பாங்கடே. நான் அழுததுக்கு அவளுக என்ன செய்வாளுக?" என்றார். பெரிய துரை வந்தார். அண்ணாச்சி நேரே நின்று, வாசித்தேன், அழுதேன், மூக்கு அடைத்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னார். துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி அந்தப் புத்தகம் ஸ்டோர் வாசலைத் தாண்டக்கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு இரத்தம் கொதித்தது. போதகரிடம் சொல்வோம், மேலிடத்துக்கு எழுதுவோம், ஜெபம் பண்ணக்கூடாது என்ற ராஜாவுக்குத் தானியேல் அடங்கிப் போனாரா என்று குதித்தேன். அண்ணாச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஸ்டோர் அவரோடது. கெட்டுப்போன தேயிலையும் அவரோடது. புத்தகம் வெளியே இருக்கட்டும் வே, நான் உள்ளே போறேன்ல?" என்றார்.

அப்படித்தான் போனார். விடியும் முன்னே வீட்டில் வாசித்துவிடுவார். இலை புளிக்கும் நேரத்தில், வெறுங்கையோடு முக்காலியில் உட்கார்ந்து, வாசித்ததை வாயால் சொல்வார். புத்தகம் இருந்த காலத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். வாய்க்கதை தொடங்கியதும் பக்கத்து அறையில் தேயிலையில் குச்சி பொறுக்கும் பெண்கள் சுளகும் கையுமாக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவி முத்தம்மா. "அப்புறம் என்னாச்சுங்கய்யா?" என்பது அவள் குரல்தான். அவர்கள் யாரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் ஆளாகக் கரகத்துக்குப் பூக் கட்டுவாள் முத்தம்மா. "ஒங்க சாமி கத கேட்டா எங்க ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, அவளுக்கும் கத புடிக்கும்," என்பாள். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரிப்பார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, கானான் தேசத்து வழி நம்மூர்ப் பக்கத்துப் பெல்மதுளை வழியாகப் போகும். பார்வோனுக்கும் தோட்டத்தைப் போல வேலை வாங்கும் கண்டாக்கையா இருப்பார். தனியாக இருக்கும்போது பிடித்துக்கொண்டேன். எழுதினதை எழுதினபடி சொல்ல வேண்டாமா? அவர் கேட்டார்: "நீரு மருந்துப் புட்டியில இங்கிலீசுல எழுதினத அப்படியேவா வாசிச்சுக் காட்டுறீரு? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னுதான சொல்லுறீரு?" ஆனால் ஒரு நேர்மை அவரிடம் இருந்தது. புத்தகத்தில் இல்லாததைச் சேர்க்கும்போதெல்லாம் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி, "இது என் கைச்சரக்கு," என்று அறிவித்துவிடுவார். பெல்மதுளைக்கும் விரல், கண்டாக்கையாவுக்கும் விரல்.

கடைசியாக அவர் சொன்னது ரூத்தின் கதை. ராஜாக்களின் வரலாற்றில் நின்றுகொண்டிருந்தவர், திடீரென்று பின்னால் தாவினார். வரிசையைத் தவறவே விடாதவர் ஏன் தாவினார் என்று கேட்டேன். "ராஜாக்கள் காத்திருப்பாங்க. முத்தம்மாவுக்கு அவசரம்," என்றார்.

முத்தம்மா பஞ்சத்தில் புருஷனோடும் மகனோடும் கடல் கடந்து வந்தவள். இருவரையும் காய்ச்சலுக்குக் கொடுத்தாள். மிஞ்சியது மருமகள் செல்லாயி மட்டும். பெற்றவர்கள் கூப்பிட்டும் ஊருக்குப் போகாமல் மாமியாரோடு லயத்து ஒற்றையறைக் காம்பராவில் கிடக்கிற பெண். அவளை, மனைவியை இழந்த கருப்பையா என்பவன், ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டுகிறவன், முறையாக வந்து கேட்டிருந்தான். செல்லாயிக்கு இஷ்டம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வாய் திறக்காமல் இருந்தவள் முத்தம்மா. இவளும் போய்விட்டால் அந்தக் காம்பராவில் அவளுக்கு யார்?

பஞ்சம் பிழைக்கப் போய், புருஷனையும் பிள்ளைகளையும் அங்கேயே மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மருமகள் ரூத்தோடு சொந்த ஊரான பெத்லெகேமுக்குத் திரும்பின நகோமியைப் பற்றி அண்ணாச்சி சொன்னபோது வாசலில் சுளகுச் சத்தமே இல்லை. "கப்பல் ஏத்துறதுக்கு முந்தி நமக்குப் போட்ட மாதிரி மண்டபத்துக் காம்புல ஊசி போட்டாங்களா அவங்களுக்கு?" என்று மட்டும் முத்தம்மா கேட்டாள். "போட்டாங்க," என்று விரலைத் தூக்கினார். ஊர் வந்து சேர்ந்ததும் நகோமி மருமகளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தாள் என்றார், அதற்கும் விரல். எனக்குத் தாங்கவில்லை. பெத்லெகேமில் உளுந்து ஏது, வாற்கோதுமையல்லவா என்று எழுந்துவிட்டேன். "உட்காரும் டாக்டரே, பசியோட வந்திருக்காளுக," என்றார்.

ரூத் கதிர் பொறுக்கின வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். ஆனால் செத்த புருஷன் வழியில் அவனைவிட நெருங்கின இன்னொருத்தனுக்கு முதல் முறை இருக்கிறது. பொறுத்திரு மகளே, இன்றைக்குள் முடிவு தெரிந்துவிடும் என்று நகோமி சொல்கிறாள். அந்த இடத்தில் இலை கூப்பிட்டது. மறுநாள் அண்ணாச்சி பஸ் ஏறினார். கருப்பையா பதிலுக்கு வந்தபோது, "ஐயா வந்து கதைய முடிக்கட்டும், அப்புறம் சொல்றேன்," என்றாள் முத்தம்மா. பாதி விளையாட்டு, பாதி பயம்.

பெட்டியில்தான் வந்தார். சவுக்கு மரங்களுக்குக் கீழே, மழை விட்ட சமயமாகப் பார்த்து அடக்கம் செய்தோம். அடுத்த வாரம் பழக்க தோஷத்தில் என் கால் ஸ்டோருக்குப் போனது. உதவி டீமேக்கர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்காலி காலியாக இருந்தது. முத்தம்மா வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் செல்லாயி, தலை குனிந்து.

"நீங்களும் அந்தப் பொஸ்தகம் படிக்கிறவருதானுங்களே?" என்றாள் முத்தம்மா.

முக்காலியில் உட்கார்ந்தேன். வாசக நடையில்தான் ஆரம்பித்தேன், எனக்கு வேறென்ன தெரியும்? "அய்யோ சாமி, ஐயா மாதிரி சொல்லுங்க," என்றாள். சரியென்று, பட்டணத்து வாசலை, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் ஆக்கினேன். பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். முறைக்காரன் நகோமியின் நிலத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றான். நிலத்தோடு அந்தப் பெண்ணையும் ஏற்க வேண்டும் என்றதும் பின்வாங்கினான்.

"நெலம் வேணும், பொண்ணு வேணாமா? நல்லா இருக்கே அவன் ஞாயம்!" என்றாள் முத்தம்மா.

"போவாஸ் கட்டிக்கிட்டான்," என்றேன்.

செல்லாயி நிமிர்ந்தாள். முத்தம்மா சுளகின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தக் கெழவி?" என்றாள்.

வருஷா வருஷம் அந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "ஆம்பளப் புள்ள பொறந்துச்சு முத்தம்மா. கொண்டுவந்து யார் மடியில போட்டாங்க தெரியுமா? கெழவி மடியில. நகோமிக்குப் புள்ள பொறந்திருக்குன்னுதான் ஊரே சொல்லுச்சு. வளத்தது அவதான். இது பொஸ்தகத்துல இருக்கு," என்றேன்.

முத்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கேட்டியாடி," என்றாள் செல்லாயியைப் பார்க்காமலே. "அவன வரச் சொல்லு." பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு என்னைக் கேட்டாள்: "பேரனுக்கு என்னங்கய்யா குடுத்தா அவ?"

புத்தகத்தில் இல்லை. என் வலது கை விரல் தானாக மேலே போனது.

தையில் கல்யாணம், மாரியம்மன் கோயிலில். நானும் என் மனைவியும் முன்னால் உட்காரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது புத்தகத்தை அல்ல. அது எனக்கும் இருந்தது. தினம் வாசிக்கும் பழக்கத்தையும் அல்ல, அதுவும் இருந்தது. இப்போது விடியற்காலையில் வாசிக்கும்போது, இதை வாசலில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படிச் சொல்வேன் என்று ஒவ்வொரு வசனத்திலும் நின்று போகிறேன். வாசிப்பு முன்னைவிட மெதுவாகத்தான் நகர்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

பெத்லெகேமில் உளுந்து விளையாது அண்ணாச்சி, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் நகோமி அன்றைக்குப் பேரனுக்குத் தோசைதான் சுட்டாள்.