முனுசாமி கடித்த அப்பளம்

போன வாரம் கே.கே. நகர் கிளினிக்கில் ஓர் அம்மாவின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தேன். காத்திருப்பவர்களுக்காக வெளியே மாட்டியிருக்கும் டிவியில் ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைக் காட்சி. கதாநாயகன் ஒருவனை அடிக்கிறான், சுற்றி நிற்கும் கூட்டம் சிரிக்கிறது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் வாயை அகலத் திறந்து சிரித்தார். ஒரு பல்கூடக் கிடையாது. கண் இமைக்கும் நேரம்தான். நான் மெஷினை நிறுத்திவிட்டு, “எனக்கு இந்த ஈறைத் தெரியும்” என்றேன்.

வாயில் பஞ்சோடு அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை நிறையக் குறைந்துபோயிருந்தது. அவருக்கு விளக்க அப்போது நேரமில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் பெயர் மறந்துபோகும், முகமும் மறந்துபோகும். வாய் மட்டும் மறக்காது. கல்யாண வீட்டில் யாராவது வந்து “என்னைத் தெரியுதா டாக்டர்?” என்று கேட்டால், கொஞ்சம் சிரிக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

கல்யாணம் என்றதும் எங்கள் கல்லூரிக்கு வந்துவிடலாம், ஏனென்றால் அது முன்பு ஒரு கல்யாண மண்டபம். மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. மண்டபத்துச் சொந்தக்காரருக்கு வருஷத்தில் சில மாதங்கள் முகூர்த்தமே இல்லாமல் போவது பொறுக்கவில்லை. பல் மருத்துவக் கல்லூரி என்றால் ஆடியும் மார்கழியும் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? சாப்பாட்டுக் கூடம் லெக்சர் ஹாலாயிற்று. மணமகன் அறையில் எக்ஸ்ரே மெஷின் குடியேறியது. மேடம்கள் உட்காரும் அறைக்கு மேலே ‘மணமகள் அறை’ என்ற பித்தளைப் பலகை அப்படியே இருந்தது. மழை பெய்தால் லெக்சர் ஹால் சுவரிலிருந்து லேசாக சாம்பார் வாசனை வரும். வாயில் வளரும் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடக்கும்போது எங்களுக்குப் பசிக்கும்.

இன்னொரு வாசனை கிராம்புத் தைலம். ஈறின் அச்சு எடுக்கிற பசையில் அது இருக்கும். இன்றும் பிரியாணியில் ஒரு கிராம்பு கடிபட்டால் எனக்குப் பல்செட் பரீட்சைதான் ஞாபகம் வருகிறது, அதற்குமேல் சாப்பாடு இறங்குவதில்லை.

அந்தப் பரீட்சைக்கு ஆளுக்கொரு பொக்கை வாயை நாங்களே தேடிக் கொண்டுவர வேண்டும். எங்கள் சந்துக்குப் பக்கத்தில் இருந்த வசதியானவர்கள், மண்டபத்துக்குப் போனால் மொய் எழுதலாம், பல்லைப் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று நினைத்தார்கள். வசதியில்லாதவர்கள் வாசலில் வாட்ச்மேன் அடித்த சல்யூட்டைப் பார்த்தே பயந்து திரும்பிவிட்டார்கள். ஆகவே பரீட்சை நெருங்கினால் கபாலி கோயில் குளக்கரை, லஸ் பஸ் ஸ்டாப் என்று வேட்டைக்குக் கிளம்புவோம். யாராவது பெரியவர் கொட்டாவி விட்டால் நாலு பேர் எட்டிப் பார்ப்போம். என் தோழி நிர்மலா, தன்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பேசி முடித்தாள். சம்பந்தம் தட்டிப்போயிற்று, பெரியப்பா மட்டும் பரீட்சைக்கு வந்தார்.

துறைத் தலைவி சகுந்தலா மேடம் மயிலாப்பூர்க்காரர். நாங்கள் படும் பாட்டைப் பார்த்து, “எங்காத்துல எல்லாருக்கும் பல்லு கெட்டியா இருக்கு, நான் என்ன பண்ணுவேன்” என்று நிஜமாகவே வருத்தப்படுவார்.

யாரும் கிடைக்காதவர்களுக்குக் கடைசிப் புகலிடம் முனுசாமி. வடபழனியில் இருந்த துணை நடிகர். ‘பொக்கை வாய்ப் பெரியவர் ஒருத்தர் வேணும்’ என்று எந்தப் படத்துக்குச் சொன்னாலும் ஏஜென்ட் அவரைத்தான் அனுப்புவார். சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வசனம் பேசியதே கிடையாது. அவரை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர் அட்டெண்டர் எத்திராஜ், இருவரும் ஒரே தெருக்காரர்கள். உயரமாக, வழவழவென்று, அச்சு எடுக்கவென்றே படைத்த ஈறு முனுசாமிக்கு. அவருக்காகவே வருஷாவருஷம் மாணவர்கள் சீட்டுக் குலுக்குவார்கள். அவருக்குக் கூலி பொங்கல், வடை, போக வர ஆட்டோ. முடிவில் மாணவன் செய்த பல்செட்டை வாங்கி ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஒன்றைக்கூட மாட்டிக்கொண்டதில்லை.

ஷூட்டிங் நேரத்தில் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நாங்களும் கேட்டிருக்கிறோம். “பல்லு கட்டிக்கினான்னு பேரு கெட்டுப் பூட்டா அப்பறம் எவன் கூப்புடுவான்?” என்பார். நியாயம்தான். அந்த வாயால் அவர் முறுக்குத் தின்பதையும் பார்த்திருக்கிறேன்.

என் கடைசி வருஷத்தில் கல்லூரி தள்ளாட ஆரம்பித்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது, பல் பார்க்கும் நாற்காலிகளுக்குத் தண்ணீர் வருவது நின்றது. ‘அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணை’ என்று நாங்கள் வாசலில் உட்கார்ந்தோம். பழைய மண்டபம் என்பதால் ஷாமியானாவுக்குக் குறைவில்லை. சொந்தக்காரரின் பந்தலையே போட்டு, சொந்தக்காரரின் மைக்கிலேயே அவருக்கு எதிராகக் கோஷம் போட்டோம். மைக் பிடித்தவள் நான். தொண்டை கட்டிக்கொண்டபோது சகுந்தலா மேடம் மோர் கொடுத்தனுப்பி, “நான் குடுத்தேன்னு சொல்லிண்டு திரியாதே” என்று சொல்லச் சொன்னார்.

ஒருநாள் அரசாங்க ஜீப் வந்தது. இணைப்பு நடந்தேவிட்டது. அரசாங்க ஊழியராகிவிட்ட எத்திராஜ் அன்று மாலையே வாட்ச்மேனிடம், “இனிமே நான் சல்யூட் வாங்கற ஆளு, தெரிஞ்சிக்கோ” என்றார். எங்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம், அரசுக் கல்லூரிக் கட்டணம் என்று எல்லாம் சரியானது. ஒரு சிக்கல்தான். பரீட்சை நடத்தவும் அங்கிருந்தே ஆள் வருவார். அவர்களுடைய ஆஸ்பத்திரியில் விடிந்தால் நோயாளிகள் வரிசை தெருவில் நிற்கும். எங்களை ‘மண்டபத்துப் பசங்க’ என்றுதான் பேசிக்கொண்டார்களாம். பரீட்சைக்கு வருகிற நோயாளி நிஜமாகவே பல் வேண்டி வந்தவராக இருக்க வேண்டும், வாடகை வாய் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வருஷம் சீட்டுக் குலுக்கியதில் முனுசாமி எனக்கு விழுந்திருந்தார். வேறு வாய் தேட நேரமில்லை. தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கோஷம் போட்டு வாங்கிய பட்டத்தை மற்ற எல்லாரும் வாங்குவார்கள், மைக் பிடித்தவள் மட்டும் வீட்டில் இருப்பாள்.

பரீட்சையன்று காலை எத்திராஜ் முனுசாமியை ஓரமாக அழைத்துப் போனார்.

“நைனா, வரவரு பெரிய எடத்து ஆளு. முன்னாடி செட்டு எடுத்துக்கீறியான்னு கேப்பாரு. இல்ல சார்னு சொல்லு. வேற ஒண்ணியும் பேசாத.”

முனுசாமியின் கண் மின்னியது. “டயலாக்கு கீதா?”

“ரெண்டே வார்த்த. அவ்ளோதான்.”

தேர்வாளர் அமைதியான மனிதர். என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் பசையைக் கலந்து அச்சு டிரேயில் நிரப்பி, அதை முனுசாமியின் வாயில் வைத்தேன். பசை இறுகுவதற்குள் உதட்டைக் குவி, கன்னத்தை உறிஞ்சு, தாடையை இப்படி அசை, நாக்கை நீட்டு என்று நோயாளிக்கு நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு. “தாத்தா...” என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் முனுசாமி உதட்டைக் குவித்தார். கன்னத்தை உறிஞ்சினார். தாடையை வலமும் இடமும் ஓட்டி, நாக்கை நீட்டி மடக்கி, வரிசை மாறாமல் எல்லாவற்றையும் செய்து முடித்து, பசை இறுகும்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். எத்தனை பரீட்சை பார்த்த வாய் அது!

“நீங்க சொல்றதுக்கு முன்னாடியே பேஷண்ட் பாஸ் பண்ணிட்டாரே” என்றார் தேர்வாளர். பிறகு முனுசாமியிடம் குனிந்து, “பெரியவரே, இதுக்கு முன்னாடி எங்கேயாவது செட்டு எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

முனுசாமி டிரேயைத் தானே கழற்றி என் கையில் கொடுத்தார். அறை முழுக்க ஒரு தடவை பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த காட்சி வந்துவிட்டது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

“இல்ல சார்” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “பல்லு போயி ரொம்ப காலமாச்சு சார். போன மாசம் என் பொண்ணு கல்யாணம். பந்தியில அப்பளம் வச்சாங்கோ. எல்லாரும் கடிக்கிறாங்கோ, நொறுங்கற சத்தம் காதுல வுழுது. பொண்ணப் பெத்தவன் நான் மட்டும் அப்பளத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்தேன் சார்.” தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். பக்கத்து நாற்காலியில் நிர்மலா கூட்டி வந்திருந்த பெரியப்பாவும் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற எத்திராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். முனுசாமிக்குக் கல்யாணமே ஆகவில்லை.

தேர்வாளர் துண்டை எடுத்து முனுசாமியின் உதட்டில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துவிட்டார். உருகினாரா, உள்ளுக்குள் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அப்போ உங்களுக்குச் செட்டு கண்டிப்பா வேணும். இந்தப் பொண்ணே செஞ்சு முடிக்கட்டும். மத்த பேட்ச் எல்லாம் முடியறதுக்குள்ள அதைப் போட்டுக்கிட்டு எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. எனக்கு ஒரு அப்பளம் கடிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் இவங்களுக்கு மார்க் போடறேன்.”

அந்த வாரம் நான் லேபிலேயே கிடந்தேன். பல்செட் தயாரானது, ஆனால் முனுசாமியைக் காணவில்லை. எத்திராஜும் நானும் வடபழனி டெப்போ பக்கத்து டீக்கடைகளில் தேடினோம். துணை நடிகர்கள் வண்டிக்குக் காத்திருக்கும் கடையில், எங்களைப் பார்த்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“அது இல்லம்மா. பல்லோட என்னை ஒருத்தன் பாத்துட்டாலும் ஏஜென்ட்டுக்கு சேதி பூடும். சாலிக்கிராமத்துல ஒருத்தன் கீறான், அவனுக்கும் பொக்கைதான். எப்போ நான் பல்லு கட்டுவேன்னு பாத்துக்கினே கீறான்.”

வாங்க என்று கூப்பிட நாக்கு வரவில்லை, பரவாயில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

“பெயிலு ஆனா இன்னா ஆவும்?” என்று அவரே கேட்டார்.

“கூட இருந்தவங்க எல்லாம் பட்டம் வாங்கிடுவாங்க தாத்தா. நான் மட்டும் ஆறு மாசம் கழிச்சு.”

“அவங்கோ முன்னாடி நிப்பாங்கோ. நீ பின்னாடி நிப்ப.” டீயைக் குடித்து முடித்தார். “பின்னாடி நிக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். சரி, எப்போ வரணும்?”

மயிலாப்பூர் மெஸ் ஒன்றில் பொரித்த அப்பளத்தை எத்திராஜ் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தார். பஸ்ஸில் வந்த நேரத்தில் அது நமுத்துப்போயிற்று. முனுசாமி அதை மடக்கிப் பார்த்துவிட்டு, “இத்த வச்சிக்கினு நடிக்க முடியாது” என்று தள்ளிவிட்டார். தேர்வாளர் தன் கேன்டீனுக்கு ஆள் அனுப்பிச் சுடச்சுட வரவழைத்தார். நான் செய்த பற்களால் முனுசாமி அதைக் கடித்தார். அறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள், அப்படியொரு சத்தம். முழுதும் தின்றுவிட்டு, “இன்னொண்ணு கீதா சார்?” என்றார். தேர்வாளர் சிரித்துக்கொண்டே என் மதிப்பெண்ணைப் போட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே குஷியில் பல்லோடு பஸ் ஏறிப் போன முனுசாமி டெப்போவில் இறங்கியபோது ஏஜென்ட்டின் ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். எத்திராஜ் அதைச் சில நாள் கழித்துத்தான் சொன்னார்.

அடுத்த வருஷம் அங்கேயே பயிற்சி மருத்துவராக இருந்தேன். வாசலில் அரசாங்கப் பலகை ஏறியதும் ஜனங்கள் பயமில்லாமல் வந்தார்கள். வரிசை சந்துமுனையைத் தாண்டியது. பித்தளைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். எத்திராஜுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. பரீட்சை வந்தபோது மாணவர்கள் குளக்கரைப் பக்கம் போகவே இல்லை, வரிசையில் கை காட்டினால் ஒரு பொக்கை வாய்.

பரீட்சையன்று காலை முனுசாமி வந்து நின்றார். ஷேவ் செய்து, சலவைச் சட்டை போட்டு.

“இந்த வருஷம் நான் யாருக்கும்மா?”

“இப்போ நிறைய பேர் வராங்க தாத்தா” என்றேன். பந்தலில் அத்தனை கோஷம் போட்டோமே, ஒன்றிலாவது இவருக்கு இடம் இருந்ததா என்று அந்த நிமிஷம்தான் தோன்றியது.

அவர் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். “எல்லாம் நம்மாளுங்கோதான்” என்று தலையாட்டினார். பிறகு, “சாலிக்கிராமத்துக்காரன் இப்போ டயலாக்கே பேசறானாம்” என்று சிரித்தார். வாய் நிறையப் பல்.

“போட்டுக்கிட்டீங்களா! நான் செஞ்சதா?” என்றேன், பெருமையை அடக்க முடியாமல்.

“இல்லம்மா. எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். உனக்கு முன்னாடி ஒரு பையன் செஞ்சதுதான் சரியா குந்துது. உன்னுது ஆடுது.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கி அப்பளம் கடிச்சப்பவே ஆடிச்சு. நாக்கால புடிச்சிக்கினேன்.”

அந்த மண்டபம் இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கேட்டதெல்லாம் அங்கே இருக்கிறது. சுவரில் சாம்பார் வாசனை இல்லை, சீட்டுக் குலுக்கல் இல்லை, கொட்டாவி விடும் பெரியவரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முனுசாமியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. போன வாரம் கிளினிக்கில் இதையெல்லாம் நான் நினைத்து முடிப்பதற்குள் டிவியில் முனுசாமியின் காட்சி முடிந்திருந்தது. அந்த அம்மா வாயிலிருந்த பஞ்சைத் தானே எடுத்துவிட்டு, “யாரு டாக்டர் அது, பெரிய நடிகரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.