முதலில் யார் உள்ளே போவது?

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தபோது என்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தேன். ரத்தம் பொருந்தவில்லை. கீழவைப்பாரில் மீன்பிடிக்கும் அந்தோணிக்கும் அதே நிலைமை. ஆனால் என்னுடையது அவர் மனைவிக்கும், அவருடையது என் மனைவிக்கும் பொருந்தியது. விலைக்கு வாங்கக்கூடாது, இப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

ஒரே நேரத்தில்தான் ஆபரேஷன் என்றும் சொன்னார். ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் கொடுத்த பிறகு அவர் பின்வாங்கிவிட்டால்? அன்று காலை வராந்தாவில் நர்ஸிடம், "அவரை முதல்ல கூட்டிட்டுப் போங்க. அவருக்கு மயக்கமருந்து கொடுத்த பிறகு நான் வாரேன்" என்றேன். திரும்பினால், பின்னால் அந்தோணி நின்றிருந்தார்.

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"எனக்கும் அதே பயம்தான் அண்ணாச்சி. நேத்துலருந்து சோறு இறங்கல. யாராவது ஒருத்தர் முதல்ல நம்பணும்லா? நான் போறேன்" என்றவர், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

இரண்டு பெண்களும் இன்று நலமாக இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் சமமாகக் கொடுத்தோம் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அது சரியல்ல. அவர் என்னை நம்பிக் கொடுத்தார். நான், அவர் உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.